கால் அங்குலம் கூடிப்போச்சு

வெர்னன் ஆல்பரிக்கு உலகத்தில் மிச்சமிருந்த உறவு ஒன்றே ஒன்று. அதுவும் நூறு கஜத்துக்கு அப்பால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற உறவு.

ஏப்ரல் பிறந்தால் ஜூன் முடிய, பொழுது விடிந்தும் விடியாததுமாக, ஃபுளோரிடா விரிகுடாவின் உள்நீரில் நாரைமுனை என்று படகுக்காரர்கள் சொல்கிற சேற்று முனைக்கு இரண்டு படகுகள் வரும். முதலில் வந்தவர் முனையின் மூக்கில் கழியை ஊன்றிப் படகைக் கட்டிக்கொள்வார். அடுத்து வந்தவர் நூறு கஜம் பின்னால் தள்ளிக் கட்ட வேண்டும். முன்னவர் விட்ட மீன்தான் பின்னவருக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டம் அத்தனையையும் மீறுகிறவன்கூட இதை மீறமாட்டான்.

ஒரு படகு வெர்னனுடையது. இன்னொன்று எலாடியோ பெதான்கூருடையது. இரண்டு பேரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

பேச்சுதான் இல்லையே தவிர, எலாடியோவைப் பற்றி வெர்னனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ரொட்டியைக் காபியில் மூன்று முக்குதான் முக்குவார். நாலாவது முக்குக்கு அது உள்ளே விழுந்துவிடும் என்று பயம். போன வருஷம் வாங்கிய தொப்பி அவர் தலைக்கு ஒரு சுற்று பெரிது. இருமினால் மறுநாள் தெற்குக் காற்று. அவருடைய தாயார் இறந்தபோது யாரும் வந்து வெர்னனிடம் சொல்லவில்லை. எலாடியோ ஒன்பது நாள் கறுப்புச் சட்டையில் கழி போட்டதைப் பார்த்து, ‘ஓ, கிழவி போய்விட்டாள்’ என்று தெரிந்துகொண்டார். பத்தாம் நாள் வெர்னன் முதல் ஆளாக வந்தும் மூக்கில் கட்டாமல் பின்னாலேயே கட்டினார். எலாடியோ வந்தார், காலி இடத்தைப் பார்த்தார், கட்டினார். துக்கம் விசாரித்தாயிற்று.

வெர்னனின் தொழில் இதுதான். டார்ப்பன் என்று ஒரு மீன். ஆள் நீளம், ஆளைவிடக் கனம், உடம்பெல்லாம் உள்ளங்கை அகல வெள்ளிச் செதில். தின்ன லாயக்கில்லை, உள்ளே வெறும் முள். அதைப் பிடித்துப் படகருகே கொண்டுவந்து, ஒரு படம் எடுத்துவிட்டு, விட்டுவிடுவதற்காக வடக்கேயிருந்து ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள். அதுவும் தடித்த கயிற்றில் பிடித்தால் கௌரவக் குறைச்சல். தையல் நூல் மாதிரி மெல்லிய தூண்டில் நரம்பில், கோழி இறகு கட்டிய கொக்கியில் பிடிக்க வேண்டும். எஞ்சினுக்கு மேலே உள்ள தட்டில் வெர்னன் ஏறி நின்று, இருபதடிக் கழியால் சேற்றைக் குத்திப் படகைச் சத்தமில்லாமல் நகர்த்துவார். மீனை முதலில் பார்க்க வேண்டியவரும் அவர்தான். பார்த்ததும், முன்னால் தூண்டிலோடு நிற்கிறவரிடம், “பதினோரு மணி, அறுபதடி” என்பார். படகின் மூக்கு பன்னிரண்டு மணி. அதற்குக் கொஞ்சம் இடப்பக்கம் பதினொன்று. முப்பது வருஷமாக இப்படியே பேசிப் பேசி, வீட்டில் தனியாக இருக்கும்போதும், “ரிமோட், இரண்டு மணி, மூணடி” என்று சொல்லிவிட்டு ஒரு விநாடி காத்திருப்பார். யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். மனைவி லொரீன் ஒன்பது வருஷம் முன்பே ஒக்காலாவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். “உன்கூட இருந்தாலும் தனியா இருந்தாலும் ஒண்ணுதான் வெர்னன். தனியா இருந்தா சமையல் மிச்சம்” என்று, கோபம்கூட இல்லாமல், பெட்டியை மூடும்போது சொன்னார்.

ஆகவே அந்த ஜூன் காலையில் வெர்னன் நாரைமுனைக்கு வந்து, மூக்கில் யாரும் இல்லை என்று கண்டபோது, முதலில் சந்தோஷம்தான் பட்டார். அந்தப் பருவத்தில் முதல் முறையாக முன் இடம். கழியை ஊன்றினார். பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கேயும் யாரும் இல்லை.

படகின் முன்பக்கம் நின்றவர் டொரொத்தியா லிண்ட்க்விஸ்ட். மினசோட்டாக்காரர், அறுபத்தாறு வயது, முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நாலு வருஷமாக ஜூன் முதல் வாரம் வெர்னனிடம் வருகிறார். இன்னும் ஒரு டார்ப்பனைக்கூடப் படகருகே கொண்டுவந்ததில்லை. பேருந்து ஓட்டியவர் என்பதால், பின்னால் நிற்பவர் என்ன சேட்டை செய்கிறார் என்பது அவருக்குத் திரும்பாமலே தெரியும்.

“கேப்டன், மீன் முன்னாடியிலேருந்து வரும்னு நாலு வருஷமா நீங்கதான் சொல்றீங்க. இப்ப எதுக்குப் பின்னாடி பாத்துக்கிட்டிருக்கீங்க?”

“பாக்கலியே.”

“பாக்குறீங்க. உங்க ஜோடிப் படகு எங்க? அந்தப் பெரிய தொப்பிக்காரர்?”

“வருவான்.”

“சண்டைக்காரன்னு சொன்னீங்க?”

“சண்டைக்காரனும் வருவான்ல?”

டொரொத்தியா சிரித்துவிட்டு நரம்பைச் சரிசெய்துகொண்டார். வானம் சாம்பலிலிருந்து மஞ்சளானது. அலையாத்தித் தீவுகளின் மேல் வெள்ளைக் கொக்குகள் எழுந்தன. தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. எலாடியோவுக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று வெர்னன் நினைத்தார். ஆனால் விடிவதற்கு முன் படகுத்துறையில் எலாடியோவின் வண்டி நின்றதைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். அதன் எஞ்சின் மூடியைத் தொட்டும் பார்த்திருந்தார். இது வெளியே சொல்லக்கூடிய விஷயம் இல்லை. பதினோரு வருஷமாக தினமும் தொட்டுப் பார்க்கிறார். சூடாக இருந்தால் ஆள் இப்போதுதான் போயிருக்கிறார், ஆறியிருந்தால் போய் நேரமாயிற்று. இன்று ஆறியிருந்தது. அப்படியென்றால் எலாடியோ முதலில் கிளம்பியவர். முதலில் கிளம்பியவர் இன்னும் வந்து சேரவில்லை.

சண்டை என்னவென்று சொல்லிவிடுவது நல்லது. கேட்டால் சிரிப்பு வரும். துறையில் எல்லோரும் பதினோரு வருஷமாகச் சிரிக்கிறார்கள்.

இரண்டு பேரும் அப்போது கூட்டாளிகள். வாடிக்கையாளர் இல்லாத ஒரு நாள் தங்களுக்காக மீன் பிடிக்கப் போனார்கள். எலாடியோ தூண்டிலோடு முன்னால், வெர்னன் கழியோடு பின்னால். அந்த மெல்லிய நரம்பில் அதுவரை யாரும் பிடித்து உலக சாதனைப் பதிவேட்டில் ஏற்றாத அளவு பெரிய டார்ப்பன் ஒன்று மாட்டியது. நாலு மணி நேரம் இழுத்தது. மீன் துள்ளும்போதெல்லாம் எலாடியோ கோயிலில் கும்பிடுகிறவர் மாதிரி முன்னால் குனிந்து நரம்பைத் தளர்த்தினார், குனியாவிட்டால் அறுந்துபோகும். பதிவுக்காக மட்டும்தான் மீனைக் கொன்று கரைக்குக் கொண்டுவருவார்கள். கொண்டுவந்தார்கள். ஊரே திரண்டது. யாரோ பன்றிக்கறி வாட்டவே ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு அளக்கிறவர் வந்தார். டார்ப்பனின் வாய் உப்புத்தாள் மாதிரி. மெல்லிய நரம்பை அறுத்துவிடும். அதனால் கொக்கியை ஒட்டி ஒரு துண்டு தடித்த நரம்பு கட்டலாம் என்று விதி. ஆனால் முடிச்சையும் சேர்த்துப் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அளந்தார். பன்னிரண்டே கால். மறுபடி அளந்தார். பன்னிரண்டே கால். பதிவு இல்லை. அவர்கள் இருவரைவிடவும் வயது கூடியிருக்கக்கூடிய ஒரு மீன், கால் அங்குலத்துக்காகச் சும்மா செத்துத் தொங்கியது.

“யாருப்பா கட்டினது?” என்று கேட்டார்கள்.

கட்டியது வெர்னன். அன்று காலை மீன் கூட்டம் வருகிற அவசரத்தில், எலாடியோ முதுகைத் திருப்பி நின்றபோது, தேய்ந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். முடிச்சை விட்டுவிட்டு அளந்தார். தொழில் படித்த முதல் வாரத்திலேயே செய்து திட்டு வாங்குகிற தப்பு. கேள்வி வந்ததும் எலாடியோ வெர்னனைப் பார்த்தார். வெர்னன் தன் செருப்பைப் பார்த்தார். வாய் திறக்க ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த மூச்சு போயிற்று. அடுத்த மூச்சில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதற்குள் எலாடியோ, “நான்தான். என் தூண்டில், என் முடிச்சு” என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து எலாடியோவுக்குத் துறையில் பெயர் கால் அங்குலம். எண்ணெய் போடுகிறவன் முதல் ஐஸ் விற்கிறவள் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எலாடியோ திரும்பிப் பார்ப்பார், பதில் சொல்வார். வெர்னனிடம் மட்டும் அன்றிலிருந்து பேசவில்லை. வெர்னனும் பேசவில்லை. எந்த வாக்கியத்தில் ஆரம்பித்தாலும் அது அந்த ஒரு வாக்கியத்தில் போய்த்தான் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

“கேப்டன்!”

வெர்னன் நிமிர்ந்தார். ஆறு டார்ப்பன், ஒன்றன் பின் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை மாதிரி, படகுக்கு முப்பதடியில் போய்க்கொண்டிருந்தன. ஒன்று மேலே புரண்டு, வாயைத் திறந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, பெரிய கண்ணால் டொரொத்தியாவைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

“அதுவே எனக்கு வணக்கம் சொல்லிட்டுப் போகுது. நீங்க ஒரு மணி ரெண்டு மணின்னு எதுவுமே சொல்லல.”

“தப்புதான் மேடம்.”

“என்னை மேடம்னு கூப்பிட்டா ஏதோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். என்ன விஷயம்?”

வெர்னன் தட்டிலிருந்து இறங்கி ரேடியோவின் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். வெர்னன் மாதிரி மீன்பிடி வழிகாட்டிகள் எல்லோரும் கேட்கிற பொது அலைவரிசை. அதில் இடத்தின் பெயரைச் சொன்னால் மீன் கிடைக்கிற இடத்தை ஊருக்கே காட்டிக்கொடுத்த மாதிரி, மானக்கேடு. வெர்னன் இன்று சொல்ல வேண்டியது ஆளின் பெயர். பதினோரு வருஷமாக வாய்விட்டுச் சொல்லாத பெயர். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது.

“எலாடியோ. எலாடியோ. வெர்னன் பேசறேன்.”

பதில் இல்லை. சிறிது நேரம் கரகரப்பு. பிறகு ஓட்டிஸ் பிண்டரின் குரல். துறையிலேயே நீளமான நாக்கு.

“யாரு? வெர்னன் ஆல்பரியா? எலாடியோவையா கூப்பிடறே? காலங்காத்தால குடிச்சிட்டியா?”

“அவனைப் பாத்தியாடா?”

“அவன் உன் மடியிலதானே தினமும் உக்காந்திருப்பான்? என்னைக் கேக்கறே!”

“வரல ஓட்டிஸ். வண்டி துறையில நிக்குது. படகு இங்க இல்ல.”

ரேடியோவில் சிரிப்பு நின்றது. “நான் மேக்குப் பக்கம் இருக்கேன். இங்க வரல,” என்றார் ஓட்டிஸ். வேறு இரண்டு குரல்கள் ‘இங்கேயும் இல்லை’ என்றன.

வெர்னன் ஒலிவாங்கியை வைத்துவிட்டு டொரொத்தியாவைப் பார்த்தார். அவருக்கு இன்னும் இரண்டு நாள்தான் மிச்சம். இன்று காற்று இல்லை, தண்ணீர் கண்ணாடி, முன் இடம், மீன் வந்துகொண்டே இருக்கிறது. இப்படி ஒரு காலை நாலு வருஷத்தில் ஒன்று வந்தால் பெரிது.

“நான் கேக்கக் கூடாது...” என்று ஆரம்பித்தார்.

டொரொத்தியா அதற்குள் நரம்பைச் சுற்றி முடித்திருந்தார். “என் பஸ்ல ஒரு பிள்ளை நிறுத்தத்துல இல்லன்னா, வீடு வரைக்கும் போய் ஹாரன் அடிச்சுட்டுத்தான் மறுவேலை. கழியைப் புடுங்குங்க.”

எங்கே தேடுவது? உள்நீரில் அலையாத்தித் தீவுகள் சிதறிக்கிடக்கும். நடுவில் முழங்கால் தண்ணீர். அதற்கடியில் கால் வைத்தால் விழுங்குகிற சாம்பல் சேறு. ஆனால் வெர்னனுக்கு எலாடியோவின் புத்தி தெரியும். முதலில் வர வேண்டும் என்றால் அவர் வழக்கமான கால்வாயைச் சுற்றி வரமாட்டார். சேற்றுத் திட்டின் குறுக்கே இருக்கிற சந்தில் பாய்வார். சந்து படகின் அகலத்தைவிட ஒரு சாண் கூட. இருட்டில், வற்றுகிற தண்ணீரில், அதில் பாய்வது முட்டாள்தனம். வெர்னனே வாரத்துக்கு இரண்டு முறை அதைச் செய்கிறார்.

எஞ்சினை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். கால்வாய் வாயில் தண்ணீர் பச்சையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பால் கலந்த மாதிரி ஒரு கோடு வந்துகொண்டிருந்தது. அதில் கடற்புல் மிதந்தது. ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தார். வேரோடு பிடுங்கியது இல்லை, வெட்டுப்பட்டது. வெட்டு இன்னும் பச்சை. எஞ்சின் விசிறி வெட்டியது.

“என்ன அது?” என்றார் டொரொத்தியா.

“அவனோட கையெழுத்து,” என்றார் வெர்னன்.

திட்டு கண்ணில் பட்டபோது படகும் பட்டது. சந்தை ஒரு முழம் தவறவிட்டு, திட்டின் மேலேயே ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் அதைவிட்டு இறங்கிப் போய், சுற்றிலும் வெறும் சேறு பளபளத்தது. படகில் யாரும் தெரியவில்லை. ரேடியோவின் கம்பம் முறிந்து தொங்கியது.

வெர்னன் தன் படகை நிறுத்தக்கூடிய கடைசித் தண்ணீரில் நிறுத்தினார். நடுவே அறுபதடி சேறு. இறங்கினார். முதல் எட்டில் முழங்கால், மூன்றாம் எட்டில் இடுப்பு. நாலாம் எட்டு இல்லை. கழியைக் குறுக்கே போட்டு, அதைப் பிடித்துத் தவழ்ந்து, டொரொத்தியா சட்டைக் காலரைப் பிடித்து இழுக்க, சேற்றுப் பன்றி மாதிரித் திரும்பிப் படகில் விழுந்தார். வாயில்கூடச் சேறு. அப்படியே கத்தினார்.

“எலாடியோ! டேய்! இருக்கியாடா? எலாடியோ!”

ஒன்றும் இல்லை. ஒரு நண்டு ஓடியது. சொல்லாமல் வைத்திருந்த அந்த ஒரு வாக்கியம், கேட்க ஆள் இல்லாமல், இனி தன்னோடு மட்டுமே குடியிருக்கப் போகிறது என்று வெர்னனுக்குத் தோன்றியது. 

பிறகு, சாய்ந்த படகின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய தொப்பி மெல்ல எழுந்தது.

“செத்தவனைக்கூட எழுப்பிருவே போலிருக்கே. காது கேக்குதுடா. கத்தாத.”

பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. டொரொத்தியாதான் கேட்டார். “அடிபட்டிருக்கா?”

“தோள் எலும்பு போயிருச்சு அம்மா. கை தூக்க முடியல. தண்ணி கேன் எகிறிக் கீழ விழுந்து சேத்துல போச்சு. தாகம்தான் தாங்கல.”

டொரொத்தியா யோசிக்கவே இல்லை. தூண்டிலை எடுத்தார், கொக்கியை வெட்டி எறிந்தார், நரம்பைத் தலைக்கு மேல் இரண்டு முறை முன்னும் பின்னும் வீசி விட்டார். நாலு வருஷமாக எந்த மீனையும் தொடாத அறுபதடி வீச்சு, எலாடியோவின் மடியில் போய் விழுந்தது.

“பாத்தீங்களா கேப்டன்! உங்க மீனுக்குத்தான் அறிவில்ல!”

நரம்பின் இந்தப் பக்கத்து முனையில் மெல்லிய கயிறு கட்டினார், கயிற்றின் நுனியில் தண்ணீர்ப் புட்டி. எலாடியோ ஒரு கையால் இழுத்து, பல்லால் மூடியைத் திருகிக் குடித்தார். குடிக்கிற சத்தம் இந்தப் பக்கம் வரை கேட்டது. வெர்னன் அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்று உறுத்தியது. தூண்டில் வைக்கிற இடத்தில் ஒரு தூண்டில்கூட இல்லை. வாடிக்கையாளரும் இல்லை. ஒரு காபிக் குடுவை, காகிதத்தில் சுற்றிய ரொட்டி. அவ்வளவுதான்.

“உன் ஆளு எங்கடா?”

“ஆளு இல்ல. நேத்தே வரலன்னுட்டான்.”

“தூண்டில்?”

“கொண்டாரல.”

“ஆளும் இல்ல, தூண்டிலும் இல்ல. அப்ப எதுக்குடா இருட்டுல வந்த?”

எலாடியோ புட்டியை மடியில் வைத்துக்கொண்டார். “நீ எதுக்கு மீனை விட்டுட்டு வந்த?”

டொரொத்தியா மூக்கை உறிஞ்சிவிட்டு, வெயிலில் கண் கரிக்கிறது என்றார்.

வெர்னன் ரேடியோவை எடுத்தார். இடத்தின் பெயரைச் சொன்னார். மானம் போனால் போகட்டும். எலாடியோ திட்டில் ஏறிவிட்டார், தோள் முறிந்திருக்கிறது, சேற்றின் மேல் வரக்கூடிய காத்தாடிப் படகு வேண்டும் என்றார். பூங்காக் காவலர்கள் பதில் கொடுத்தார்கள்: ஒன்றரை மணி நேரம் ஆகும். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அலைவரிசையில் எல்லோருக்கும் நாக்கு முளைத்தது.

“கால் அங்குலம் திட்டு மேல ஏறிட்டானா!” ஓட்டிஸ்தான். “நரம்பைத்தான் அளக்கத் தெரியாதுன்னு பாத்தேன். தண்ணியையும் அளக்கத் தெரியலியே!”

“அடுத்த தடவை ஸ்கேல் எடுத்துட்டுப் போகச் சொல்லு,” என்றது இன்னொரு குரல். யாரோ மாடு மாதிரிச் சிரித்தார்கள்.

அசையாத காற்றில் ஒவ்வொரு வார்த்தையும் அறுபதடி தாண்டிப் போயிற்று. எலாடியோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வெர்னன் அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. கோபம் ஒன்றும் இல்லை. தினமும் ஒரே இடத்தில் உரசி உரசிக் காய்த்துப்போன உள்ளங்கை மாதிரி இருந்தது முகம்.

வெர்னன் பொத்தானை அழுத்தினார்.

“ஓட்டிஸ். எல்லாரும் கேளுங்க. அந்த முடிச்சைப் போட்டது நான்.”

கரகரப்பு.

“எந்த முடிச்சை?”

“பன்னண்டே கால். நான்தான் கட்டினேன். முடிச்சை விட்டுட்டு அளந்தேன். கேட்டப்ப நான் வாயைத் திறக்கல. அவன் எடுத்துக்கிட்டான்.”

“திரும்பச் சொல்லு, சரியாக் கேக்கல,” என்றார் ஓட்டிஸ். எல்லோருக்கும் சரியாகவே கேட்டிருந்தது. வெர்னன் திரும்பச் சொன்னார். இரண்டாம் தடவை குரல் உடைந்தது. ஆனால் வார்த்தை ஒன்றும் குறையவில்லை. அத்தனை வாயாடிகளும் சேர்ந்து வாயை மூடினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

சேற்றின் அந்தப் பக்கத்தில் எலாடியோ புட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

“அந்தக் கருமத்தோட சத்தத்தைக் குறைடா,” என்றார் கடைசியில். “மண்டை வலிக்குது.”

வெர்னன் குறைத்தார். காத்தாடிப் படகு வரும் வரை காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. டொரொத்தியா தன் குடையை விரித்து வெர்னனுக்கும் பிடித்தார். எலாடியோவைத் தூக்கிப் போகும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியாத தோள் என்று வெர்னன் சமாதானம் செய்துகொண்டார்.

டொரொத்தியாவுக்கு அந்த வருஷமும் மீன் கிடைக்கவில்லை. கடைசி இரண்டு நாளும் தெற்குக் காற்று. போகும்போது வெர்னனின் சேறு படிந்த கையைக் குலுக்கி, “அடுத்த ஜூன். அதுக்குள்ள யாரையும் தொலைக்காதீங்க,” என்றார்.

வெர்னனுக்குத் துறையில் பெயர் மாறியிருந்தது. ரேடியோவில் சொன்னதற்கு மறுநாள் காலை வந்தபோது அவருடைய படகு முழுவதும், மூக்கிலிருந்து எஞ்சின் வரை, தையற்காரர் அளவு நாடா சுற்றியிருந்தது. பதினேழு நாடா. யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் ஒவ்வொன்றாக அவிழ்த்து, மடித்து, பெட்டியில் வைத்தார். ஐஸ் விற்கிறவள், “கால் அங்குலம், ஒரு மூட்டையா ரெண்டா?” என்றாள். “ஒண்ணு” என்றார். இரண்டு வாடிக்கையாளர்கள் அந்த மாதம் வேறு வழிகாட்டியிடம் போனார்கள். அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

கஷ்டமாக இருந்தது நாரைமுனைதான். முன் இடம் தினமும் காலி. பத்து நாள் அங்கே கட்டினார். முன்னால் யாருடைய முதுகும் இல்லாமல் தண்ணீர் ரொம்பப் பெரிதாக இருந்தது. எதிரில் இருந்த ஒரே ஆளையும் உண்மை சொல்லி விரட்டிவிட்டோமோ என்று யோசித்தார். பொய்யாக இருந்தபோதாவது நூறு கஜத்தில் இருந்தான்.

பதினோராம் நாள் கியூபாக்காரர் கடையில் ஒரு நீள ரொட்டி வாங்கிக்கொண்டு எலாடியோவின் வீட்டுக்குப் போனார். கதவைத் தட்டுவதற்கு முன் ரொட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மூன்று முறை மாற்றினார். கதவு திறந்தே இருந்தது. எலாடியோ சமையலறை மேஜையில், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரில் கழுவாத பாத்திரம் ஒரு வாரத்துக்குக் குவிந்திருந்தது. ஒரே ஒரு நாற்காலி.

“எதுக்கு வந்த?”

“சும்மா.”

“மன்னிச்சிட்டேன்னு சொல்லுவேன்னு பாத்தியா?”

“இல்ல.”

“நல்லது. மன்னிக்கல. பதினோரு வருஷம்டா. எங்கம்மா சாகறப்பகூட, ஒரு நரம்பை அளக்கத் தெரியாத பிள்ளையப் பெத்தேனேன்னு கேட்டுட்டுத்தான் செத்தா.”

வெர்னன் ரொட்டியை மேஜையில் வைத்தார். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. கழுவுதொட்டியின் குழாயைத் திறந்து, சட்டைக் கையைச் சுருட்டி, முதல் தட்டை எடுத்தார். எலாடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டு, தட்டு, கரண்டி, எண்ணெய் பிடித்த வாணலி. வாணலி பாதியில் இருக்கும்போது பின்னால் நாற்காலி நகர்ந்தது. எலாடியோ ஒரு கையால் காபிக் கெண்டியை அடுப்பில் வைத்தார். கியூபாக் காபிக்குச் சர்க்கரையை முதலில் கிண்ணத்தில் போட்டு அடிக்க வேண்டும். ஒரு கையால் டப்பாவைத் திறக்க முடியாமல் திணறினார். வெர்னன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு டப்பாவை வாங்கித் திறந்து, கரண்டியைத் தேடினார்.

எலாடியோ டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார்.

“மூடியைத் திறந்தேல்ல, அதோட நிறுத்து. அளக்கிறது நான் பாத்துக்கறேன்.”